படுக்க அறை உண்டு, எழுப்ப ஆள் இல்லை

கண்டியில் ஓர் அறை வேண்டுமென்று ஏர்பிஎன்பி தளத்தில் தேடுகிறவர் படங்களைத் தாண்டிக் கீழே போனால், பாதுகாப்பைப் பற்றிய பகுதியில் ஒரு சின்னக் குறிப்பைக் காண்பார். புகை அலாரம் இருப்பதாக வீட்டுக்காரர் தெரிவிக்கவில்லை என்பது அதன் சாரம். மேலே ஹந்தானை மலை தெரியும் பல்கனி, நுளம்பு வலை கட்டிய கட்டில், காலையில் இடியப்பமும் சம்பலும் என்று வர்ணனை அமர்க்களமாக இருக்கும். கீழே இந்த ஒரு வரி. ரொறன்ரோவிலிருந்து தாய்மண் பார்க்க வரும் பிள்ளை அதை வாசித்துவிட்டுத்தான் காசு கட்டுகிறது. அனிவத்தையிலோ அம்பிட்டியவிலோ இருக்கும் வீட்டுக்காரருக்கு அப்படி ஒரு வரி தன் வீட்டின் பெயருக்குக் கீழே தொங்குவதே தெரியாமல் இருக்கலாம். வீட்டைப் பதிவு செய்த நாளில் தளம் கேட்ட பல கேள்விகளில் ஒன்றுக்கு அவர் பதில் போடவில்லை. அவ்வளவுதான் நடந்தது.

கண்டி, அறை வாடகையில் பழகிய நகரம். எசல பெரஹரா நடக்கும் நாட்களில் தலதா வீதி, ராஜ வீதிப் பக்கம் ஒரு ஜன்னல் கிடைத்தாலே போதும் என்று சனம் அலையும். வாவியைச் சுற்றி, பஹிரவகந்தைப் புத்தர் சிலைக்குக் கீழே, குண்டசாலை, தென்னகும்புரப் பக்கமெல்லாம் மேல்மாடி கட்டியவர்கள் அதைக் கெஸ்ட் ஹவுஸ் ஆக்கியிருக்கிறார்கள். பேராதனைப் பல்கலைக்கழகத்தைச் சுற்றி வேறொரு சந்தை. கெட்டம்பேயிலிருந்து கம்பளை வீதி வரை மாணவர் போர்டிங்குகள். ஒரே வீட்டில் ஐந்தாறு அறைகள், அறைக்கு இரண்டு மூன்று கட்டில்கள், கட்டிலுக்குக் கீழே தண்ணீர் கொதிக்கவைக்கும் ஹீற்றர். இவை போக, உத்தியோக மாற்றலில் வந்த குடும்பங்கள் குடியிருக்கும் அனெக்ஸ்கள். வசதியும் வாடகையும் இடத்துக்கு இடம் மாறும். ஆனால் கூரையை அண்ணாந்து பார்த்தால் மின்விசிறியும் பல்லியும் மட்டும்தான்.

சில வருடங்களுக்கு முன் கண்டி யட்டினுவர வீதியில் பல மாடிக் கட்டடம் ஒன்று தீப்பற்றியது பலருக்கு நினைவிருக்கும். மேலே சிக்கிக்கொண்ட ஒரு தகப்பன், பிள்ளைகளை ஒவ்வொருவராகக் கீழே கூடியிருந்தவர்களின் கைகளுக்குப் போட்டுக் காப்பாற்றியதை நாடே தொலைபேசித் திரையில் பார்த்தது. அந்தத் துணிச்சலைப் பாராட்டாதவர் இல்லை. பாராட்டி முடிந்ததும் பேச்சும் முடிந்துவிட்டது. கடைகளுக்கு மேல் குடியிருக்கும் குடும்பங்கள் கண்டி நகரத்துக்குள் எத்தனை, அவர்களுக்குத் தீ பற்றிய செய்தி எந்த நிமிடத்தில் போய்ச் சேரும் என்ற கேள்வியை யாரும் பெரிதாகத் தூக்கிப்பிடிக்கவில்லை. தகப்பன் விழித்திருந்தால்தான் தூக்கிப்போட முடியும்.

மூக்கும் தூங்கும்

‘புகை வந்தால் மணக்காதா, எழும்பமாட்டோமா?’ வீட்டுக்காரர்கள் முதலில் கேட்பது இதைத்தான். எழும்பமாட்டோம். அமெரிக்காவின் பிரவுண் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரேச்சல் ஹெர்ஸ், மேரி கார்ஸ்கடன் இருவரும் 2004இல் வெளியிட்ட ஆய்வில், தூங்குகிறவர்களின் மூக்கருகே மணங்களை விட்டுப் பார்த்தார்கள். ஆழ்ந்த தூக்கத்திலும் கனவு காணும் தூக்கத்திலும் இருந்தவர்களை மணம் எழுப்பவில்லை. சத்தம் எழுப்பியது. காது இரவில் காவல் நிற்கிறது, மூக்கு நிற்பதில்லை.

வீட்டுத் தீயில் சாகிறவர்களில் பெரும்பாலானோரைக் கொல்வது சுவாலையைவிடப் புகைதான். மெத்தைப் பஞ்சும் பிளாஸ்டிக்கும் புகையும்போது காபன் மொனொக்சைட்டு வருகிறது. சயனைட்டு வாயுவும் வரும். இவற்றைச் சுவாசித்தவரின் தூக்கம் கலைவதற்குப் பதிலாக இன்னும் ஆழமாகும். கட்டிலிலேயே, எழும்ப முயன்ற அடையாளம்கூட இல்லாமல் கிடப்பவர்கள் இப்படித்தான் இறக்கிறார்கள்.

காலமும் மாறிவிட்டது. பழைய கண்டி வீட்டில் இருந்த தளபாடம் பலாவும் தேக்கும் பிரம்பும். இன்று சோபா முழுக்க நுரைப்பஞ்சு, திரைச்சீலை பொலியெஸ்டர், கம்பளமும் அதுவே. அமெரிக்காவின் யூஎல் ஆய்வகம் பழைய காலத்துத் தளபாடங்கள் வைத்த ஓர் அறையையும் இக்காலத்து அறை ஒன்றையும் அருகருகே கொளுத்திப் பார்த்தது. பழைய அறை முழுவதுமாகப் பற்றிக்கொள்ள ஏறத்தாழ அரை மணித்தியாலம் எடுத்தது. புதிய அறை 4 நிமிடத்துக்குள் முழுசாக எரிந்தது. ‘எங்கட அப்பப்பா காலத்திலயிருந்து இந்த வீட்டில ஒண்டும் நடக்கேல்ல’ என்று சொல்கிறவரின் வீட்டில் அப்பப்பா காலத்துக் கதிரைகள் இப்போது இல்லை.

அந்த 4 நிமிடத்தில் முதல் ஒரு நிமிடத்தையாவது மிச்சம்பிடித்துத் தருவதற்காகத்தான் கூரையில் ஒட்டும் அந்த வட்டப் பெட்டி. 3 மீற்றர் தூரத்தில் 85 டெசிபல் சத்தம் போடும். அமெரிக்கத் தேசியத் தீப் பாதுகாப்புச் சங்கத்தின் கணக்குப்படி அந்நாட்டு வீட்டுத் தீ மரணங்களில் ஐந்தில் மூன்று, அலாரமே இல்லாத அல்லது இருந்தும் வேலை செய்யாத வீடுகளில் நடக்கின்றன. அந்தக் கணக்கில் ‘இருந்தும் வேலை செய்யாத’ என்ற பகுதியை மறக்கவேண்டாம். நம் சமையலறைக்கு வரும்போது அது தேவைப்படும்.

சட்டம் எதுவரை வருகிறது

இலங்கையில் வாடகை வீட்டைப் பற்றிச் சட்டம் பேசாமல் இல்லை. 1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டம் உண்டு. குத்தகை முடிந்தும் வெளியேறாதவரிடமிருந்து வீட்டை மீட்பதற்கு 2023இல் 1ஆம் இலக்கச் சட்டமும் வந்தது. வாடகை எவ்வளவு, யார் எப்போது வெளியேற வேண்டும் என்பவைதான் இவற்றின் கவலை. குடியிருக்கும் காலத்தில் குடியிருப்பவர் இரவில் உயிரோடு இருப்பதற்கு வீட்டுக்காரர் என்ன செய்துதர வேண்டும் என்று கேட்டால், இங்கிலாந்திலோ அவுஸ்திரேலியாவிலோ இருப்பதுபோல் புகை அலாரத்துக்கென்று ஒரு வாடகை வீட்டு விதி இங்கே கிடையாது.

கட்டடப் பக்கத்திலிருந்து வருவோம். 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்கச் சட்டத்தில் பிறந்த நகர அபிவிருத்தி அதிகார சபை கட்டட அனுமதியைப் பார்த்துக்கொள்கிறது. தீப் பாதுகாப்பு ஒழுங்குவிதிகளை நிர்மாணத்துறை அபிவிருத்தி அதிகார சபை வெளியிட்டிருக்கிறது. உயர்ந்த கட்டடங்கள், ஹொட்டேல்கள், பலர் கூடும் மண்டபங்கள் என்று வரும்போது தீயணைப்புப் பிரிவின் அனுமதி கேட்கப்படும். வாவிக்கரையில் ஒரு பெரிய ஹொட்டேல் கட்டுகிறவர் இதிலிருந்து தப்ப முடியாது. ஆனால் குடியிருக்கவென்று வரைபடம் கொடுத்து, அனுமதி வாங்கி, பத்து வருடம் கழித்து மேல்மாடியைப் பயணிகளுக்கு விடுகிற வீட்டை யார் போய்ப் பார்க்கிறார்கள்? காகிதத்தில் அது இன்னும் வீடுதான். பயன்பாடு மாறினால் அனுமதியும் மாறவேண்டும் என்பது விதி. அந்த விதியைத் தேடிப்போய்க் கேட்கிற வீட்டுக்காரரை நான் சந்தித்ததில்லை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. கண்டி மாவட்டத்தில் வீடு கட்டுகிறவர் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்திடம் மண்சரிவு ஆபத்து பற்றிய சான்று எடுக்கவேண்டும். மலைக்காரர் எல்லோருக்கும் அது தெரியும். மண் சரியும் என்று அரசாங்கமும் நம்புகிறது, நாங்களும் நம்புகிறோம். பட்டுப் பட்டுப் பெற்ற நம்பிக்கை அது. அதே வீட்டின் உள்ளே வயர் எரியும் என்பதை நம்புவதற்கு இன்னும் எத்தனை பேர் பலியாகவேண்டுமோ.

சுற்றுலாப் பக்கம் நிலைமை கொஞ்சம் தெளிவு. 2005ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சுற்றுலாச் சட்டத்தின்கீழ் இயங்கும் இலங்கை சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபை, கெஸ்ட் ஹவுஸ், பங்களா, ஹோம்ஸ்டே, சுற்றுலாவுக்கு வாடகைக்கு விடும் வீடு, அப்பார்ட்மென்ட் என்று வகை பிரித்துப் பதிவு செய்கிறது. பதிவு செய்யப் போனால் பரிசோதனைக்கு ஆள் வரும். பதிவு செய்யாமல் தளத்தில் படத்தை மட்டும் ஏற்றியவர் வீட்டுக்கு விருந்தாளிதான் வருவார்.

ஆகவே வீட்டுக்காரருக்குக் கடமை இல்லை என்று முடிவுகட்டிவிடலாமா? அங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். நம் நாட்டின் பொதுச்சட்டம் ரோமன் டச்சுச் சட்டம். கவனயீனத்தால் இன்னொருவருக்கு நட்டம் விளைவித்தவர் இழப்பீடு கொடுக்கவேண்டும் என்பது அதில் ஊறிய கொள்கை. கவனயீனமான செயலால் மரணம் விளைவித்தால் தண்டனைச் சட்டக்கோவையின் 298ஆம் பிரிவு இருக்கிறது. 5 வருடம் வரை சிறை. காசு வாங்கிக்கொண்டு ஒருவரைப் படுக்கவைத்த வீட்டில், பழுதான வயரிங்கும் பூட்டிய வாசலும் இருந்து, எச்சரிக்கும் கருவி ஒன்றுகூட இல்லாவிட்டால், நீதிமன்றத்தில் ‘சட்டத்தில் அலாரம் என்று எழுதவில்லையே, சேர்’ என்று சொல்லித் தப்பலாம் என்று நினைக்கும் வீட்டுக்காரர் ஒருதடவை தன் சட்டத்தரணியிடம் கேட்டுப் பார்க்கட்டும். காப்புறுதிக் கம்பனியிடமும் கேட்கட்டும். வீடு என்று காப்புறுதி செய்த இடத்தில் வியாபாரம் நடந்திருந்தால் அவர்கள் கேட்கும் முதல் கேள்வி வேறாக இருக்கும்.

பிள்ளை இருக்கும் ஊரில்

இங்கிலாந்தில் 2015 ஒக்டோபர் 1ஆம் திகதி முதல் தனியார் வாடகை வீடுகளில் மாடிக்கு ஒரு புகை அலாரமாவது கட்டாயம். 2022 ஒக்டோபரில் அதைச் சமூக வீடுகளுக்கும் நீட்டினார்கள், காபன் மொனொக்சைட்டு அலாரத்தையும் இறுக்கினார்கள். மீறினால் அபராதம் 5,000 பவுண் வரை போகும். பயணிகளுக்கு விடும் சிறு வீடுகளை 2005ஆம் ஆண்டின் தீப் பாதுகாப்பு ஆணை பிடித்துக்கொள்கிறது. காசு கொடுத்துத் தங்குபவர் ஒருவர் இருந்தாலே போதும், வீட்டுக்காரர் பொறுப்பாளி. அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலம் இன்னும் ஒருபடி மேலே. 2022 ஜனவரி 1 முதல் வாடகை வீட்டின் ஒவ்வொரு படுக்கையறையிலும் அலாரம் வேண்டும். ஒன்று கத்தினால் வீட்டிலுள்ள அத்தனையும் கத்தும்படி அவை ஒன்றோடொன்று இணைந்திருக்கவேண்டும். ஒன்ராறியோவில் ஒவ்வொரு மாடியிலும், படுக்கையறைகளுக்கு வெளியிலும் கட்டாயம். அதைக் கழற்றிவைத்தால் குடியிருப்பவரும் குற்றவாளி.

ஸ்காபரோவில் பேஸ்மென்ட் எடுத்திருக்கும் நம் பிள்ளைகளுக்கு இது நன்றாகத் தெரியும். மீன் பொரித்து அலாரம் அடித்த கதை சொல்லாத புலம்பெயர் தமிழர் கிடையாது. அதே பிள்ளை அனுப்பிய டொலரில் கட்டுகஸ்தோட்டையில் எழும்பிய மேல்மாடியில் குடியிருக்கும் இளம் குடும்பத்துக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. சட்டம் இல்லாத இடத்தில் மனிதர் ஒரே மாதிரித்தான் யோசிக்கிறார்கள் போலும். அங்கே வாடகைக்காரராக எதை உரிமை என்று எதிர்பார்க்கிறோமோ, இங்கே வீட்டுக்காரராக அதைச் செலவு என்று நினைக்கிறோம்.

சட்டம் இருக்கும் ஊரிலும் எல்லாம் சரியாக நடப்பதில்லை. 2023 மார்ச் 16 அதிகாலை, பழைய மொன்றியலில் பாரம்பரியக் கட்டடம் ஒன்று எரிந்து 7 பேர் இறந்தார்கள். அந்தப் பகுதியில் குறுகிய காலத்துக்கு அறை விடுவதற்கே அனுமதியில்லாதபோதும் ஏர்பிஎன்பி மூலம் அங்கே அறைகள் விடப்பட்டிருந்தன. ஜன்னலே இல்லாத அறையும் இருந்ததாகச் செய்திகள் வந்தன. தீ வேண்டுமென்றே வைக்கப்பட்டதா என்ற குற்ற விசாரணை தனிக்கதை. ஆனால் தீ எப்படி வந்தாலும், இரவுக்கு மட்டும் வந்தவர்களுக்கு வெளியேறும் வழி தெரியாது என்ற உண்மை மாறாது. அதே வருடம் கியூபெக் மாநிலம் சட்டத்தைத் திருத்தியது. பதிவு இலக்கம் சரிபார்க்காமல் ஒரு வீட்டையும் பட்டியலிடக்கூடாது என்று இணையத்தளங்களின் தலையிலேயே பொறுப்பைக் கட்டியது. வீடு வீடாகப் பரிசோதகரை அனுப்ப ஆளில்லாத நாடுகள் கவனிக்கவேண்டிய வழி இது.

தமிழ்நாட்டிலும் இப்படியொரு தீ உண்டு. 2024 செப்டம்பர் 12 அதிகாலை மதுரை கட்ராபாளையத்தில் பெண்கள் தங்கும் விடுதியொன்றில் ஃபிரிட்ஜில் இருந்து பரவிய தீயிலும் புகையிலும் இரண்டு பெண்கள் இறந்தார்கள். மொன்றியலும் அதிகாலை, மதுரையும் அதிகாலை.

தாளிதமும் அலாரமும்

இனி நம் வீட்டுக்குள் வருவோம். இங்கேதான் விஷயம் சிக்கலாகிறது. வெளிநாட்டு விதியை அப்படியே கொண்டுவந்து ஒட்டினால் ஒரு வாரத்தில் பற்றரி கழன்று லாச்சிக்குள் போய்விடும்.

நம் சமையலில் கடுகும் கறிவேப்பிலையும் செத்தல் மிளகாயும் எண்ணெயில் விழும்போது வருவது கருவியின் பார்வையில் தீதான். கருவாடு பொரித்தால் பக்கத்து வீட்டு அலாரமும் அடிக்கும். வெள்ளிக்கிழமை சாம்பிராணி, மாலையில் நுளம்புச் சுருள், கார்த்திகை விளக்கு. ஹந்தானைப் பக்கம் பின்னேரத்தில் ஜன்னல் வழியே உள்ளே வரும் பனிமூட்டம்கூடச் சில கருவிகளை ஏமாற்றும். சின்னப் பூச்சி உள்ளே புகுந்தாலும் கத்தும். மூன்று தடவை பொய்யாக அடித்த அலாரத்தை நாலாவது தடவை யாரும் மதிப்பதில்லை. ‘இருந்தும் வேலை செய்யாத’ என்ற அந்த அமெரிக்கக் கணக்கு இப்படித்தான் உருவாகிறது.

தீர்வு ஒன்றும் பெரிய மந்திரம் இல்லை. சமையலறையில் புகை அலாரம் வைக்கக்கூடாது. அங்கே வெப்பத்தை உணரும் அலாரம் வைக்கவேண்டும். தாளிதத்துக்கு அது அசையாது, அறை சூடேறினால்தான் அடிக்கும். புகை அலாரத்தின் இடம் படுக்கையறைகளுக்கு வெளியே உள்ள நடை, மாடிப்படியின் மேல்முனை, வசதியிருந்தால் ஒவ்வொரு படுக்கையறை. குளியலறை வாசலுக்கு நேரே வேண்டாம், சுடுநீர் ஆவி போதும் அதைக் கத்தவைக்க. பூசை அறைக்குப் பக்கத்திலும் வேண்டாம். கூரையின் நடுவில் பொருத்துவது நல்லது, சுவரோடு ஒட்டிய மூலையில் புகை சுழன்று சேராது. பழைய ஓட்டு வீடுகளில் சீலிங் இல்லாமல் உச்சி வரை திறந்திருக்கும். அங்கே உச்சிக் கோணத்துக்குள் சொருகாமல் சற்றுக் கீழே இறக்கிப் பொருத்தவேண்டும்.

கடையில் கேட்கும்போது எந்த வகை என்று கேட்கவேண்டும். அயனியாக்க வகை, ஒளி வகை என்று இரண்டு உண்டு. சுவாலையோடு வேகமாக எரியும் தீயை முன்னது சீக்கிரம் பிடிக்கும். மெத்தைக்குள் நுளம்புச் சுருளின் பொறி விழுந்து மணிக்கணக்காகப் புகைவதை ஒளி வகைதான் முந்திப் பிடிக்கும். தாளிதத்துக்கும் அதுவே குறைவாகக் கோபிக்கும். நம் வீடுகளுக்கு இரண்டாவதுதான். ஐரோப்பியத் தரமான ஈஎன் 14604 முத்திரை பெட்டியில் இருக்கிறதா என்று பார்த்து வாங்கலாம். கருவிக்கு ஆயுள் 10 வருடம். முதுகில் திகதி அடித்திருக்கும். பெட்டாவிலோ கண்டி கொட்டுகொடல்ல வீதியிலோ மலிவாகக் கிடைக்கிற எல்லாவற்றிலும் அந்தத் திகதி இருக்காது. இல்லாததை வாங்கவேண்டாம்.

மின்சாரத்தில் ஓடுவதா, பற்றரியில் ஓடுவதா என்ற கேள்விக்கு இந்த நாட்டில் பதில் தேடவேண்டியதில்லை. 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் கரண்ட் போனது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபநிலையத்தில் ஒரு குரங்கு காரணமாக நாடே இருண்டது என்று அமைச்சரே சொன்னார். கரண்ட் போன இரவில்தான் மெழுகுதிரி எரியும். மின்சாரத்தை மட்டும் நம்பிய அலாரம் அந்த இரவில் ஊமை. நீண்டகாலப் பற்றரி உள்ளது நல்லது, அல்லது மின்சாரமும் பற்றரியும் சேர்ந்தது.

காஸ் அடுப்பைப் பற்றிப் பேசாமல் போகமுடியாது. 2021 நவம்பர், டிசம்பர் மாதங்களில் வீடு வீடாக நடந்த காஸ் வெடிப்புகளை நாம் மறக்கவில்லை. புகை அலாரம் கசியும் காஸைப் பிடிக்காது. அதற்கு வேறு கருவி உண்டு, தரையோடு ஒட்டிப் பொருத்துவது, ஏனெனில் நம் சமையல் காஸ் காற்றைவிடப் பாரம். நுவரெலியாப் பக்கம் குளிருக்குக் கரியடுப்பை அறைக்குள் வைத்து உறங்கப்போகிறவர்களுக்கும் புகை அலாரம் உதவாது. கணன்ற கரியில் புகை இல்லை, காபன் மொனொக்சைட்டு உண்டு, அதற்கு மணமும் நிறமும் இல்லை. கணப்பு உள்ள பங்களா வைத்திருப்பவர் காபன் மொனொக்சைட்டு அலாரத்தையும் மாட்டாமல் அறை விடுவது வேண்டுமென்றே செய்யும் தவறு.

பூட்டுப் போட்ட வீடு

அலாரம் அடித்துவிட்டது. விருந்தாளி விழித்துவிட்டார். எங்கே ஓடுவார்?

இது மேலே சொன்ன எல்லாவற்றையும்விட எனக்குக் கவலை தரும் விஷயம். நம் ஜன்னல்களில் கம்பி. பல்கனியில் கிரில். முன்கதவில் உள்ளே ஒரு பூட்டு, கேற்றில் வெளியே ஒரு பூட்டு. கள்ளனுக்குப் பயந்து கட்டிய வீடுகள். மலைச்சரிவில் கட்டிய வீட்டின் பின்புறம் மண் அணையும் சுவரும், பின்கதவால் போனாலும் இரண்டடிக்கு மேல் நகரமுடியாது. இரவு பத்து மணிக்கு வீட்டுக்காரர் கேற்றைப் பூட்டிச் சாவியைத் தன் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டு படுக்கிறார். பெண்பிள்ளைகள் போர்டிங்கில் இது இன்னும் இறுக்கம். ‘பொம்பிளப் பிள்ளையள், பொறுப்பு எங்கட’ என்று வீட்டுக்கார அம்மா சொல்வதில் அக்கறை உண்டு. ஆனால் அந்த அக்கறைக்குத் திறப்பு ஒன்றுதான், அது அவர் கையில்.

வாடகைக்கு விடும் வீட்டில் உள்ளேயிருந்து திறப்பில்லாமல் திறக்கும் பூட்டு, ஒரு ஜன்னலிலாவது உள்ளேயிருந்து திறக்கும் கிரில். கருவியைவிட இது அவசரம். இரும்பு வேலைக்காரரிடம் ஒரு நாள் வேலை. அறைக்கதவின் பின்புறம் வெளியேறும் வழியைச் சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் எழுதி ஒட்டலாம். நுழைந்த வாசலைத் தவிர வேறு வழி தெரியாத ஒருவருக்கு இருட்டில் அந்த வீடு முழுக்க அந்நியம்.

அவசரத்துக்கு 110ஐ அழைக்கலாம். ஆனால் கண்டியில் தீயணைப்பு வாகனம் வரும் கதையும் சிந்திக்கவேண்டியது. நம் நாட்டில் தீயணைப்பு பெரும்பாலும் மாநகர சபைகளின் வேலை. கண்டி மாநகர சபைக்குப் படை இருக்கிறது. சுற்றியுள்ள பிரதேச சபைகள் பலவற்றுக்குச் சொந்த வாகனம் கிடையாது. நகரத்தின் நெரிசலைக் கடந்து, பஹிரவகந்தையின் கொண்டையூசி வளைவுகளில் ஏறி, கடைசி ஐம்பது படிகளை நடந்தேறவேண்டிய ஒரு வீட்டுக்கு அவர்கள் எத்தனை நிமிடத்தில் வருவார்கள் என்று நான் சொல்லத் தேவையில்லை. அந்த 4 நிமிடம் வீட்டில் இருப்பவர்களுடையது. வேறு யாருக்கும் அதில் பங்கில்லை.

வாடகை என்று யாரும் சொல்லாத வாடகை

கண்டியைச் சுற்றியுள்ள மலைகளில் இன்னொரு வகைக் குடியிருப்பு உண்டு. லயன். தோட்டத் துரைமார் காலத்தில் கட்டியது. வரிசையாகக் காம்பரா எனப்படும் அறைகள், ஒன்றுக்கொன்று நடுவில் ஒரு சுவர், மேலே ஒரே தகரக் கூரை. ஒரு காம்பராவில் பற்றிய தீ கூரைக்குக் கீழே உள்ள இடைவெளி வழியே வரிசை முழுக்க ஓடும். லயன் தீக்கிரையாகிப் பத்து இருபது குடும்பங்கள் பாடசாலைகளிலும் கோவில் மண்டபங்களிலும் தங்கவைக்கப்பட்டதாக வரும் செய்தி மலையகத்துக்குப் புதிதல்ல. மின்கசிவு என்று கடைசி வரியில் போட்டு முடித்துவிடுவார்கள்.

அந்த அறைகளின் சொந்தக்காரர் யார்? குடியிருப்பவர் அல்ல. காணியுறுதி அவரிடம் இல்லை. தோட்டக் கம்பனியா, அரசாங்கமா என்று கைகாட்டிக்கொண்டே தலைமுறைகள் போய்விட்டன. வெளிநாட்டுப் பயணி இரண்டு இரவு தங்கும் தேயிலைத் தோட்டப் பங்களாவில் அலாரம் இருக்கும். கம்பனிக்கு அது தேவை. அங்கிருந்து நடந்துபோகும் தூரத்தில், பங்களாவுக்குத் தேநீர் ஊற்றுகிறவர் படுக்கும் லயனில் இருக்காது. புகை அலாரத்தை வீட்டுக்காரரின் கடமை என்று எழுதப்போகும் எந்த விதியும் ‘வீட்டுக்காரர்’ என்ற இடத்தில் தோட்ட நிர்வாகத்தையும் சேர்த்து எழுதவேண்டும். இல்லாவிட்டால் அது கண்டி நகருக்கும் வெளிநாட்டுக்காரருக்கும் மட்டும் போட்ட விதியாகிவிடும்.

யார் பட்டனை அழுத்துவது

பாராளுமன்றம் புதிய சட்டம் கொண்டுவரும்வரை காத்திருக்கத் தேவையில்லை என்பது என் எண்ணம். 1865 முதல் இருக்கும் கண்டி மாநகர சபைக்கு மாநகர சபைகள் கட்டளைச் சட்டத்தின்கீழ் துணைவிதி ஆக்கும் அதிகாரம் உண்டு. தங்கும் விடுதிகளும் அதன் எல்லைக்குள் வருகின்றன. அனுமதிப்பத்திரம் வருடந்தோறும் புதுப்பிக்கப்படுகிறது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து தண்ணீர்த் தாங்கியையும் நுளம்புக் குடம்பியையும் பார்க்கிறார். அதே படிவத்தில் இன்னும் இரண்டு வரி: ஒவ்வொரு மாடியிலும் வேலை செய்யும் அலாரம் உண்டா, உள்ளேயிருந்து திறக்கும் வாசல் உண்டா. அண்ணாந்து பார்த்து ஒரு தடியால் பட்டனை அமுக்கினால் பதில் கிடைத்துவிடும். சுற்றுலா அதிகார சபை தளங்களோடு பேசி, பதிவு இலக்கம் இல்லாத வீட்டைப் பட்டியலிட விடாமல் செய்தால், பரிசோதிக்கப்படாத வீடுகள் தாமாகவே வரிசையில் வந்து நிற்கும். கியூபெக்கில் செய்தது அதைத்தான். போர்டிங்குகள் விஷயத்தில் பல்கலைக்கழகத்துக்கும் மாணவர் சங்கங்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. எந்த வீட்டில் அலாரம் இருக்கிறது என்று ஒரு பட்டியல் போட்டு அறிவித்தல் பலகையில் ஒட்டினால் போதும், வீட்டுக்காரர்கள் தாமாகவே கடைக்குப் போவார்கள்.

செலவைப் பற்றி வீட்டுக்காரர் முறைப்பாடு செய்வதில் எனக்குப் பெரிய அனுதாபம் இல்லை. ஒரு கருவி சில ஆயிரம் ரூபா. பெரஹரா வாரத்தில் ஒரே இரவில் ஓர் அறை அதை உழைத்துவிடும். செலவு வாங்குவதோடு முடிந்தும் விடுகிறது. கஷ்டம் வேறு இடத்தில்: அதை வேலை செய்ய வைத்திருப்பதில்.

இங்கிலாந்துச் சட்டத்தில் ஒரு நல்ல ஏற்பாடு இருக்கிறது. குடியிருப்பவர் வரும் முதல் நாளில் அலாரம் வேலை செய்கிறதா என்று வீட்டுக்காரர் பார்க்கவேண்டும். மாத வாடகை வீட்டில் அது வருடத்துக்கு ஒருதடவையோ இரண்டு வருடத்துக்கு ஒருதடவையோ வரும். இரவுக்கு இரவு ஆள் மாறும் வீட்டில் ஒவ்வொரு பின்னேரமும் முதல் நாள். முந்தின விருந்தாளி சிகரெட் பிடிக்கவென்று பற்றரியைக் கழற்றியிருக்கலாம், சத்தம் தாங்காமல் துணி சுற்றியிருக்கலாம். ஆகவே அந்த வேலை விரிப்பு மாற்றி, குளியலறை கழுவி, சவர்க்காரம் வைக்கிறவரின் கையில்தான் வந்து சேரும். கண்டி வீடுகளில் அது பெரும்பாலும் பக்கத்துக் கிராமத்திலிருந்து நாட்கூலிக்கு வரும் ஓர் அக்கா. அவர் கையில் தும்புத்தடி எப்படியும் இருக்கும். அதன் முனையால் கூரைப் பெட்டியின் பட்டனை ஒருதடவை அமுக்கச் சொல்லிக்கொடுங்கள். அது கத்தாவிட்டால் உங்களுக்குத் தொலைபேசி எடுக்கச் சொல்லுங்கள். அழைப்பு வந்தால், புதுப் பற்றரி போடும்வரை அந்த அறைக்கு ஆள் எடுக்காதீர்கள். இந்த வேலைக்கு அவருக்கு மேலதிகமாகக் கொஞ்சம் கொடுத்தாலும் நட்டமில்லை.